தாழம்பூவுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் யார் யார் ‘ஃபோர்ஸ்’ போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் எல்லோரும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்ப்பீர்கள். போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். லினக்ஸில் ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவப் போகிறீர்கள். பாதியில் அது நின்று, “நான் கொண்டுவந்திருக்கும் இந்தக் கோப்பு இதே பெயரில் இதே இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அது இன்னொரு தொகுப்புக்குச் சொந்தம்” என்கிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். மேலாளர் உங்களைப் பார்க்கிறார். கட்டளையின் வாலில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் போதும், கணினி வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்துவிடும்.

அந்த வார்த்தை ஒரு கல்யாண வீட்டின் பூஜை அறை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறேன். அறிவுரை என்று பயப்பட வேண்டாம். அறிவுரை சொல்லி இந்தத் தொழிலில் யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் டிசைன் மையத்தில் நான் கணினிப் பொறுப்பாளர். எல்லாப் பெட்டிகளும் அரதப்பழசு. வேறு எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும் என்பதால் லினக்ஸ் போட்டிருந்தோம். நெசவாளர் கேட்கும் டிசைனைத் திரையில் கட்டம் கட்டமாக வரைவோம். பக்கத்தில் இருக்கும் இயந்திரம் அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடும். அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டினால், ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், சேலையில் மயிலோ மாங்காயோ வரும். அட்டை தப்பினால் மயில் கோழியாகிவிடும்.

எங்கள் மையத்தில் அதிகம் கேட்கப்பட்ட டிசைன் தாழம்பூக் கரை. மடல் மடலாக, ரம்பப் பல் மாதிரி ஜரிகையில் ஓடும் கரை. அதற்கு அந்த ஊரில் தனியாக ஒரு சொந்தக்காரர் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பல்வரிசை. ஒருவர் ஒல்லியாகக் கேட்பார், ஒருவர் நடுவில் ஒரு பொட்டு வை என்பார். எனக்கு முன்னால் அங்கே இருந்த டிசைனர் தயாள குணம் உள்ளவர். யார் கேட்டாலும், வரையும் மென்பொருளோடு வந்த அதே தாழம்பூக் கோப்பைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் சேமித்துவிடுவார். அடுத்தவர் வந்தால் அதன் மேலேயே அடுத்த திருத்தம். தாழம்பூ எல்லோருக்கும் பொது என்ற ஊர் வழக்கத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுபோய் வைத்த மகானுபாவர்.

கடைசியாகத் திருத்தம் கேட்டவர் ஏகாம்பரம். ஒல்லிப் பல், ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் ஒரு விதைப் பொட்டு. அவருக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டில் இரட்டைப் பெண்கள், கோமதி, மைதிலி. ஒரே நாளில் ஒரே மேடையில் இருவருக்கும் கல்யாணம். முகூர்த்தப் புடவை இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், இழை பிசகினாலும் வாங்க மாட்டேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அந்தப் பெண்களுக்கு ரிப்பன்கூட ஒரே மீட்டரில் பாதி பாதியாக வெட்டிக் கொடுத்த மனிதர்.

முதல் புடவையை நெய்து கொடுத்தாயிற்று. அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் ஏகாம்பரத்தின் வீட்டில் எலி புகுந்து கரை அட்டைகளைக் கடித்துக் குதறிவிட்டது. அவர் மனைவி மிச்சத்தைக் குப்பை என்று நினைத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். ஏகாம்பரம் பதறவில்லை. டிசைன்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, வேறு அட்டை அடித்துக்கொண்டால் போயிற்று. சிரித்துக்கொண்டேதான் மையத்துக்கு வந்தார்.

அன்றைக்கு நான் பிரின்டர் பழுதுக்காகச் சென்னை போயிருந்தேன். மையத்தில் இருந்தவன் சம்பத். ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவன். கெட்டிக்காரன், ஆனால் ஒரு பரபரப்பு. தேநீர் ஆறும்வரை காத்திருக்க முடியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். அன்று காலையில் சங்கத் தலைவர் வெளியூர் விருந்தாளிகளை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் புதிய டிசைன்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை நிறுவிக் காட்ட வேண்டும். நிறுவப் போனால் கணினி தகராறு செய்கிறது. புதிய தொகுப்பிலும் அதே பெயரில், அதே இடத்தில், ஒரு தாழம்பூ.

சம்பத் ஃபோர்ஸ் போட்டான். புதிய தொகுப்பு ஜம்மென்று உட்கார்ந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். பின்னாலேயே வந்த ஏகாம்பரத்துக்குச் சுடச்சுட தாழம்பூ அட்டை அடித்துக் கொடுத்து, தலைவரின் தட்டலையும் தோளில் வாங்கிக்கொண்டு, பையன் ராஜநடை நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மறுநாள் ஏகாம்பரம் உள்ளே வந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

“இன்னா கம்ப்யூட்டரம்மா இது? ஒரு சாண் நெய்ஞ்சிட்டுப் பாக்கறேன், பல்லு எல்லாம் பூசணிக்கா கணக்கா ஊதிக்கினு இருக்குது! பொட்டையே காணோம்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பத்தைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

“நேத்து ஏதாவது நிறுவினியாப்பா?”

“ஒரே ஒரு பேக்கேஜ் மேடம்.”

“மெஷின் ஏதாவது சொல்லுச்சா?”

“ஏதோ ஃபைல் கான்ஃப்ளிக்ட்னு சொல்லிக்கினு இருந்துச்சு.”

“நீ இன்னா சொன்ன?”

“ஃபோர்ஸுன்னு சொன்னேன்.”

சொன்ன கையோடு, “இருங்க மேடம், ஒரு நிமிஷத்துல சரி பண்றேன்” என்று விசைப்பலகையை இழுத்தான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் புதிய தொகுப்பை நீக்கிவிட்டான். புதியது போனால் பழையது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவன் கணக்கு. அப்படி வராது, பிள்ளைகளே. ஃபோர்ஸ் போட்ட நேரத்திலேயே பழைய கோப்பு அழிந்து, அதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிட்டது. புதிய தொகுப்பு வெளியே போகும்போது அந்தக் கோப்பையும் தன்னுடையது என்று கையோடு எடுத்துக்கொண்டு போகும். இப்போது பழைய தாழம்பூவும் இல்லை, புதிய தாழம்பூவும் இல்லை.

“சிடி இருக்குதே மேடம், பழைய பேக்கேஜையே திரும்பப் போட்டுடலாம்.”

போட்டோம். ஒரு தாழம்பூ வந்தது. ஏகாம்பரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். அது மென்பொருளை எழுதியவர்கள் வரைந்த கன்னிப் பதிப்பு. எங்கள் தயாளர் கை வைப்பதற்கு முந்தியது. திருத்தியதெல்லாம் போன கோப்பில்தான் இருந்தது.

காப்பு நகல் எடுப்பதில்லையா என்று கேட்பீர்கள். வாரம் தவறாமல் எடுத்தோம். ஆனால் நாங்களாக வரைந்ததை மட்டும்தான் எடுத்தோம், மென்பொருளோடு வந்த கோப்புகளை எடுக்கவில்லை, அதுதான் சிடியில் இருக்கிறதே! உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறீர்கள்.

ஏகாம்பரம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபமெல்லாம் வடிந்து குரல் இறங்கிவிட்டது.

“வாத்தியாருக்குத் தெரிஞ்சா ஆர்டரே வேணாம்னு கடைக்குப் போயிடுவாரு. அதுகூடப் பரவால்ல. அவரு ஊர்ல பாதிப்பேருக்கு வாத்தியாரும்மா. ஏகாம்பரத்துக்கு ஒரே மாதிரி ரெண்டு நெய்யத் தெரியலன்னு அவரு வாயால ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அப்புறம் எந்தக் கல்யாண வீடு என் வாசல மிதிக்கும்?”

மனிதர் எங்களை நம்பி, அட்டை எரிந்துபோனதற்குக்கூடச் சிரித்துக்கொண்டு வந்தவர். சம்பத்தின் முகம் அழப்போகிற முகம். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தேற்ற என்னால் முடியாது. அதனால் யாரையும் தேற்றாமல் யோசித்தேன். ஒல்லிப் பல்லும் விதைப் பொட்டும் இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, வாத்தியார் வீட்டில் இருக்கும் முதல் புடவையில். அட்டையிலிருந்து சேலை வந்தது. சேலையிலிருந்து அட்டைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

“அதை வாங்கிக்கினு வந்துடலாமா?” என்றான் சம்பத்.

“வராதுப்பா. சாமிகிட்ட வெச்சுட்டாங்க. அவங்க வீட்டு வழக்கம், சாமிகிட்ட வெச்ச முகூர்த்தப் பொடவை கல்யாணத்தன்னிக்கித்தான் வாசப்படி தாண்டும்” என்றார் ஏகாம்பரம்.

ஆக, நாங்கள்தான் வாசற்படி தாண்ட வேண்டும். சம்பத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சின்ன காஞ்சிபுரம் போனேன். வழியெல்லாம் திட்டம். நான் புடவையைப் பார்க்க உள்ளே போவேன், அவன் வாத்தியாரைப் பேச்சில் பிடித்துவைக்க வேண்டும்.

“நான் இன்னா மேடம் பேசறது அவர்கிட்ட?”

“கணக்குல ஏதாவது சந்தேகம் கேளு.”

“எனக்குக் கணக்கு வராது மேடம்.”

“அப்ப சந்தேகத்துக்குப் பஞ்சமே இல்ல. தைரியமா கேளு.”

எங்கள் மையத்தில் வரைந்த டிசைன், நெய்து முடித்ததைக் கண்ணால் பார்க்க ஆசை என்று வாத்தியாரிடம் சொன்னேன். அதில் பாதி உண்மை. வாத்தியாருக்கு ஒரே பெருமை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, கட்டாயம் வர வேண்டும் என்றார். சம்பத் எச்சிலை விழுங்கிக்கொண்டு முக்கோணத்தில் ஏதோ சந்தேகம் கேட்டான். அடுத்த நொடி அவன் கையில் பென்சிலும் பேப்பரும் இருந்தன. நான் திரும்பிவரும் வரைக்கும் அவன் அந்த முக்கோணத்திலிருந்து தப்பவில்லை.

பூஜை அறையில் என்னை உட்காரவைத்துப் புடவையைப் பிரித்துக் காட்டிய பெண் மைதிலி. அரக்கு உடல், மயில் கழுத்து நிறத்தில் கரை, அதில் ஏகாம்பரத்தின் ஒல்லித் தாழம்பூ ஓடியது. அவ்வளவு அழகு. அழகைப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரு பல்லில் பாதியைச் சரியாகப் படித்துவிட்டால் போதும், மறுபாதி அப்படியே திரும்பி வரும். எந்த வரியில் ஜரிகை எந்த இழையின் மேல் ஏறுகிறது என்று கண்ணால் எண்ணி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தேன். “ஆகா, என்ன ஜரிகை” என்று ஒரு வார்த்தை, ஒரு வரி. “அடடா, என்ன கலர்” என்று ஒரு வார்த்தை, அடுத்த வரி. நன்றாகத்தான் நடித்தேன் என்று நினைக்கிறேன்.

பாதிக்கு மேல் எழுதியாயிற்று. மைதிலி காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து என் காதருகே சொன்னாள்:

“ஏங்க, அழகு பாக்கறவங்க வாய்க்குள்ளயே எண்ணிக்கினா இருப்பாங்க?”

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். சாமி அறை, எதிரில் பெருமாள் படம், மடியில் பத்திரிகை. பொய் வரவில்லை. எலி, அடுப்பு, சம்பத், ஃபோர்ஸ் எல்லாவற்றையும் அடிக்குரலில் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதேம்மா, ஒரு மனுஷனின் பிழைப்பு கெட்டுப்போகும் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் சத்தம் போட்டால் ஏகாம்பரத்தின் கதை அந்த அறையிலேயே முடிந்தது.

அவள் சத்தம் போடவில்லை. புடவையைக் கொஞ்சம் இழுத்து, கரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அந்தத் தப்பா போன ஒரு சாணு, அது இன்னும் தறியிலதான் இருக்குதா?”

“இருக்குது. இந்த அட்டை அடிச்சுக் கொடுத்ததும் அதை வெட்டி எடுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு.”

“நான் வந்து பாக்கறவரைக்கும் வெட்ட வேணாம்னு சொல்லுங்க.”

இது என்ன புதுத் தலைவலி என்று எனக்குத் திகிலாகிவிட்டது. தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய்ச் சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மையத்துக்குத் திரும்பிய பிறகு செய்ததெல்லாம் வழக்கமான வேலை. கிறுக்கலைக் கட்டங்களாக்கி, பழைய ஒல்லிப் பல்லைத் திரையில் மறுபடி பிறக்கவைத்தேன். இந்தத் தடவை அதை எந்தத் தொகுப்பின் இடத்திலும் வைக்கவில்லை. எங்களுக்கென்று ஓர் அடைவை, அதாவது ஃபோல்டரை, உண்டாக்கி, ஏகாம்பரம் பெயரிலேயே சேமித்தேன். புதிய தொகுப்பை மறுபடி நிறுவும்போது, முதலில் அந்தத் தாழம்பூக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்று கணினியிடமே கேட்டோம். அதற்கென்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, அடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. பழைய மென்பொருளின் தாழம்பூவை இது ஒதுங்கி இருக்கட்டும் என்று கணினியிடம் சொல்லி வேறு பெயருக்கு மாற்றி வைத்தோம். அதன் பிறகு இரண்டு தொகுப்பும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்தின.

மறுநாள் மாலை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மைதிலி ஏகாம்பரத்தின் வீட்டுக்கு வந்தாள். சம்பத்தும் நானும் புது அட்டையோடு அங்கே இருந்தோம். ஏகாம்பரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் தறிக்குழிப் பக்கம் குந்தி உட்கார்ந்து, அந்த ஒரு சாணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குண்டுப் பல், பொட்டு இல்லாத பல்.

“இது கட்டும்போது எங்க வரும்?”

“இதான்மா ஆரம்பம். இடுப்புல உள்ள சொருவற பக்கம்” என்றார் ஏகாம்பரம்.

“வெளிய தெரியாதா?”

“தெரியாது. ஆனா தப்பு தப்புதானேம்மா. இப்பவே வெட்டிட்டு…”

“வெட்டாதீங்க.”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“பொறந்ததிலேர்ந்து அவளுக்கு இன்னாவோ அதேதான் எனக்கும். ஒரே பாவாடை, ஒரே வளையலு. அவ பண்ண சேட்டைக்கு ஸ்கூல்ல எனக்கு அடிகூட விழுந்திருக்குது. யாராச்சும் எதுனா கொடுத்தா, அது கோமதிக்குக் கொடுக்க வேண்டியதான்னு பாத்துட்டுத்தான் கை நீட்டுவேன்.” கரையை மறுபடி தடவினாள். “இந்த ஒரு சாணு எனக்குன்னு இருக்கட்டும். மீதி எல்லாம் அப்பா கேட்டா மாதிரியே நெய்ஞ்சிடுங்க.”

ஏகாம்பரம் கத்தரிக்கோலை எடுத்துத் தறிக்குழிக்கு வெளியே வைத்தார். சம்பத் உற்சாகமாக, “அப்ப நான் ஃபோர்ஸ் போட்டது நல்லதுக்குத்தானே மேடம்?” என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு தறிக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

இங்கே ஒரு விஷயம். நம்மை மீறி ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டால், அதை நம் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் உள்ள பெரிய வியாதி. மைதிலி என்ற ஒரு பெண் அந்த வீட்டில் இருந்ததால் அன்று தப்பித்தோம். எல்லாக் கோப்புக்கும் ஒரு மைதிலி வர மாட்டாள். கணினி நின்று ஒன்று சொன்னால், அது உங்களை அவமானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார் என்று சொல்கிறது. அவர் யார், அவரை நம்பி வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். சொன்னேனே, அறிவுரை இல்லை. இது ஒரு வேண்டுகோள்.

கல்யாணத்துக்குப் போனேன். சம்பத் வரவில்லை, வாத்தியார் முக்கோணத்தின் விடையைக் கேட்பார் என்று பயம். மேடையில் இரண்டு பெண்களும் ஒரே மாதிரி ஜொலித்தார்கள். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா மேடம், ரெண்டும் ஒரே அச்சு! ஏகாம்பரம் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்” என்றார். பக்கத்தில் நின்ற ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். மைதிலி மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, இடுப்பில் செருகிய இடத்தை விரலால் லேசாகத் தட்டிச் சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டேன்.

பின்னாலிருந்து யாரோ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் கோமதி. மாலை சரியச் சரிய, முகமெல்லாம் சிவந்துபோய் நின்றாள்.

“அவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்டுக் கொடுத்தீங்களாமே? கட்டும்போது பாத்துட்டேன். கேட்டா சிரிக்கிறா.” கண்ணில் தண்ணீர் நின்றது. “அவளுக்கு மட்டுந்தானா? எனக்கும் ஆசை இருக்காதா?”

இரண்டு பேரில் ஒருத்தியின் ஆசையை மட்டும்தான் நாங்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தோம். அங்கேயே சத்தியம் செய்து கொடுத்தேன், உனக்கும் ஒன்று உண்டு என்று.

மறுவீடு முடிந்து ஊர் திரும்பியதும் அவள் நேராக மையத்துக்கு வந்துவிட்டாள், ரவிக்கைக்குக் கரை போட. சம்பத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல் இப்படி, பொட்டு அப்படி என்று அவனை நன்றாக வேலை வாங்கினாள். முடிந்ததும் அவன் அதற்கு அவள் பெயரையே வைத்தான். சேமிக்கப் போன கை பாதியில் நின்றது. அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு திரைக்குத் திரும்பி, அந்தப் பெயரில் அங்கே ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று கணினியைக் கேட்டான்.